ஒரே இன்சுலின், மூன்று விடைகள்: கொழுப்புச் செல்லில் ஏற்பிகள் எப்படி நகர்கின்றன?

கேள்வி இது: 3டி3-எல்1 என்ற, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் சுண்டெலிக் கொழுப்புச் செல்களுக்கு 100 நானோமோலார் இன்சுலினை 20 நிமிடம் கொடுத்துப் பார்த்தால், மேற்பரப்பில் குளுக்கோஸைக் கடத்தும் குளூட்4 என்ற புரதம் பத்து மடங்கு ஏறுகிறது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பிடிக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி இரண்டு மடங்குக்குள் நின்றுவிடுகிறது. இன்சுலின் ஏற்பியோ குறைகிறது. ஒரே சமிக்ஞை மூன்று விதமாக எப்படி வேலை செய்யும்? சோதனையில் எங்காவது பிசகிவிட்டதா?

பிசகு இல்லை. மூன்றும் வர வேண்டிய விடைகள்தான். இன்சுலின் வந்ததும் ஏற்பிகள் உள்ளிருந்து மேலே தள்ளப்படுகின்றன என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. செல் சவ்வில் எந்த ஏற்பியும் நிலையாக உட்கார்ந்திருப்பதில்லை. இன்சுலின் இல்லாத நேரத்திலும் அவை உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டும், எண்டோசோம் என்ற உள்ளறைப் பை வழியாக வெளியே திரும்பிக்கொண்டும் இருக்கின்றன. ஒரு கணத்தில் மேற்பரப்பில் எண்ணிப் பார்ப்பது இந்த இரண்டு வேகங்களின் சமநிலையை. இன்சுலின் மாற்றுவது வேகங்களை. எண்ணிக்கை அதன் விளைவு.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் உடனே தெளியும். சுற்றிலிருக்கும் மொத்த ஏற்பிகளில் மேற்பரப்பில் உள்ள பங்கு, வெளியேறும் வேக மாறிலியை, வெளியேறும் வேகமும் உள்ளிழுக்கும் வேகமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும். விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். குளூட்4-க்கு இன்சுலின் இல்லாதபோது வெளியேறும் வேகம் நிமிடத்துக்கு 0.008, உள்ளிழுக்கும் வேகம் 0.2 என்றால் மேற்பரப்பில் இருப்பது சுமார் 4 சதவீதம். இன்சுலின் வந்து வெளியேறும் வேகம் 0.1 ஆகி, உள்ளிழுப்பும் 0.15 ஆகக் கொஞ்சம் தணிந்தால் அது 40 சதவீதம். பத்து மடங்கு வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிக்குத் தொடக்கத்திலேயே வெளியேறும் வேகம் 0.1, உள்ளிழுப்பு 0.2 என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு ஏற்கனவே வெளியே நிற்கிறது. இன்சுலின் வெளியேறும் வேகத்தை இரண்டரை மடங்காக்கினால் 33 சதவீதம் 56 ஆகும், 1.7 மடங்குதான். வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் 83 சதவீதத்தில் முட்டும். எவ்வளவு முயன்றாலும் மூன்று மடங்கைத் தாண்ட வழியே இல்லை, ஏனென்றால் 100 சதவீதத்துக்கு மேல் போக முடியாது.

ஆக, இரண்டு மடங்கு என்பது இன்சுலின் பலவீனமாக வேலை செய்ததற்கு அடையாளமில்லை. மடங்கு எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொடக்க நிலைதான். குளூட்4-இன் தனித்தன்மை, இன்சுலின் வந்தால் அது வெளியே போவதில் மட்டும் இல்லை. இன்சுலின் இல்லாதபோது உள்ளேயே இருத்திவைக்கப்படுவதில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி நாள் முழுக்க ஓடும் டவுன் பஸ் என்றால், குளூட்4 திருவிழாவுக்காக டிப்போவில் நிறுத்திவைத்த சிறப்புப் பேருந்து.

குளூட்4 ஒரு கடத்திப் புரதம், ஏற்பி அல்ல. ஆனாலும் இந்தத் துறையில் ஏற்பி நகர்வைப் பேசும்போது அதை விட்டுவிட்டுப் பேச முடியாது, ஏனெனில் கதை அங்கிருந்துதான் தொடங்கியது. 1980-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் குஷ்மன், வார்ட்சாலா இருவரும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சுசூகி, கோனோ இருவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: எலியின் கொழுப்புச் செல்லில் இன்சுலின் குளுக்கோஸ் கடத்திகளை உள்ளறையிலிருந்து செல் சவ்வுக்கு இடம் மாற்றுகிறது. அப்போது குளூட்4 என்ற புரதமே அடையாளம் காணப்படவில்லை. 1980-களின் கடைசியில்தான் அது தனியாகப் பிரித்தறியப்பட்டது. அதற்குள் 1984-இல் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-2-இன் ஏற்பியும், அடுத்த சில ஆண்டுகளில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியும், 1989-இல் ஆல்பா-2-மேக்ரோகுளோபுலின் ஏற்பியும் இதே போல மேற்பரப்புக்கு நகர்வது தெரியவந்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் இப்போது எல்ஆர்பி1 என்கிறோம்.

அந்த 1984 வேலையில் இன்றைக்கும் பயன்படும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வளர்ச்சிக் காரணி-2 அதிகமாக ஒட்டுவதைப் பார்த்தவர்கள் முதலில் இன்சுலின் ஏற்பியின் பிடிப்பைக் கூட்டுகிறது என்றே முடிவு செய்திருந்தார்கள். உயிருள்ள செல்லில், ஏற்பிகள் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பிணைப்பை அளந்ததால் வரைபடம் அப்படிக் காட்டியது. பொட்டாசியம் சயனைடு கொடுத்து ஆற்றலை நிறுத்தி, ஏற்பிகளை இருந்த இடத்தில் உறைய வைத்து அளந்தபோது பிடிப்பு மாறவில்லை, மேற்பரப்பு எண்ணிக்கைதான் மாறியிருந்தது. ஓடும் ஏற்பியில் பிணைப்பை அளந்தால் கிடைக்கும் எண் பிணைப்பையும் ஓட்டத்தையும் கலந்து சொல்லும்.

இனி சமிக்ஞைப் பாதை. இன்சுலின் ஏற்பி இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா துணை அலகுகள் சேர்ந்தது. ஆல்பா வெளியே இன்சுலினைப் பிடிக்கிறது. பீட்டா சவ்வைத் துளைத்து உள்ளே போய், டைரோசின் கைனேஸாக, அதாவது டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற்றும் நொதியாக வேலை செய்து ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. அங்கே ஐஆர்எஸ் புரதம் வந்து ஒட்டுகிறது, அதன்மேல் பிஐ3 கைனேஸ். சவ்வின் உள்பக்கத்தில் பிஐபி3 என்ற கொழுப்பு உருவாகி ஏகேடி என்ற இன்னொரு கைனேஸை அங்கே அழைத்து வருகிறது. ஏகேடி முழுதாக விழிக்க இரண்டு பாஸ்பேட் வேண்டும்: 308-ஆவது அமினோ அமிலமான திரியோனினில் பிடிகே1 நொதி வைப்பது, 473-ஆவதான செரினில் எம்டார் கூட்டணி-2 வைப்பது. இதுவரை எல்லா ஏற்பிக்கும் பொதுப் பாதை. பிரிவது இதற்கு அடுத்த படியில்.

ஏகேடி-யின் இலக்குகளில் ஒன்று ஏஎஸ்160. மரபணுப் பெயர் டிபிசி1டி4. செல்லுக்குள் வெசிக்கிள் என்ற சிறு சவ்வுப் பைகளின் போக்குவரத்தை இயக்கும் ராப் புரதங்களைச் செயலற்று வைக்கும் புரதம் இது. ராப் புரதத்தில் குவனோசின் டைபாஸ்பேட் இருந்தால் உறக்கம், அதற்குப் பதில் ஒரு பாஸ்பேட் கூடுதலான குவனோசின் டிரைபாஸ்பேட் ஏறினால் விழிப்பு. ராபே அந்த டிரைபாஸ்பேட்டை உடைக்கும்படி ஏஎஸ்160 தூண்டி, அதை உறங்க வைத்துக்கொண்டே இருக்கும். ஏகேடி வந்து ஏஎஸ்160-க்குப் பாஸ்பேட் ஏற்றியதும் அந்தத் தடை தளர்கிறது; கொழுப்புச் செல்லில் ராப்10 விழிக்கிறது, குளூட்4 வெசிக்கிள்கள் சவ்வை அடைகின்றன. அங்கே வெசிக்கிளின் வேம்ப்2, சவ்வின் சின்டாக்சின்4, ஸ்னேப்23 மூன்றும் முறுக்கிக்கொண்டு இணைப்பை முடித்துவைக்கின்றன. தசையில் ராப்10-இன் இடத்தில் ராப்8ஏ, ராப்13 பேசப்படுகின்றன. தசைச் செல்லில் கிடைத்த முடிவை அப்படியே கொழுப்புச் செல்லுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிக்கு இந்தக் கிளைப்பாதை தேவையில்லை. ஏஎஸ்160-இல் பாஸ்பேட் ஏறும் நான்கு இடங்களையும் பாஸ்பேட் ஏற முடியாத அலனினாக மாற்றிய வடிவத்தைச் செல்லில் உண்டாக்கினால் குளூட்4 நகர்வு வெகுவாக அடங்குகிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி வழக்கம்போல இன்சுலினுக்கு மேலே வருகிறது. ராப்10-ஐக் குறைத்தாலும் அப்படியே: குளூட்4 ஏறத்தாழ பாதி பாதிக்கப்படும், டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் நகர்வு பாதிக்கப்படுவதில்லை. பொதுவான எண்டோசோம் மறுசுழற்சியையும் இன்சுலின் வேகப்படுத்துகிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி அந்தப் பொது ஓட்டத்தில் போகிறது. இன்னொரு சான்று: டிரான்ஸ்ஃபெரினோடு குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் என்ற நொதியை இணைத்துச் செல்லுக்குள் ஏற்றி, வேதிவினையால் அது போய்ச் சேர்ந்த எண்டோசோம்களை மட்டும் செயலிழக்கச் செய்த சோதனைகள் 1990-களில் நடந்தன. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி கிட்டத்தட்ட எல்லாமே போனது. குளூட்4-இல் பாதிக்குக் குறைவாகத்தான் போனது. மீதி வேறு அறையில் இருக்கிறது. அதைத்தான் குளூட்4 சேமிப்பு வெசிக்கிள் என்கிறார்கள். ஐராப் என்ற அமினோபெப்டிடேஸ், சார்ட்டிலின், எல்ஆர்பி1 மூன்றும் அதே வெசிக்கிளில் பயணம் செய்கின்றன.

ஐராப்பைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. குளூட்4-இன் உடல் பன்னிரண்டு முறை சவ்வைத் துளைத்து மடிந்து கிடக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மிகச் சிறியது, ஆன்டிபாடிக்கும், பயோட்டின் என்ற ஒட்டுக்குறிக்கும் பிடி கிடைப்பது கடினம். ஐராப்பின் பெரும்பகுதி வெளியே நிற்கிறது. செல்லின் சொந்த, மிகையாக்கப்படாத புரதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பயோட்டின் முறையில் ஐராப்பை அளப்பது குளூட்4-ஐ அளப்பதைவிட நம்பகமானது.

இன்சுலின் ஏற்பியின் நடத்தை எதிர்த்திசை. மற்றவற்றுக்கு இன்சுலின் தூரத்திலிருந்து வரும் சமிக்ஞை. இதற்கு அதுவே நேரடியாக வந்து ஒட்டும் ஹார்மோன். ஒட்டியதும் டைரோசின் பாஸ்பேட் ஏறுகிறது, ஏறியது கிளாத்ரின் என்ற புரதம் போர்த்திய சவ்வுக் குழிகளுக்குள் நகர்ந்து உள்ளே இழுக்கப்படுகிறது. கைனேஸ் வேலை செய்யாதபடி மாற்றிய ஏற்பி இன்சுலினைப் பிடித்தாலும் இப்படி வேகமாக உள்ளே போவதில்லை. ஆகவே ஒட்டுவது மட்டும் போதாது, பாஸ்பேட் ஏற வேண்டும். கொழுப்புச் செல்லின் சவ்வு கேவியோலா குழிகளால் நெருக்கமாக நிரம்பியிருப்பதால், அவற்றின் வழியாகவும் ஏற்பி உள்ளே போகிறது என்ற கருத்துக்கும் சான்றுகள் உண்டு. எண்டோசோமில் அமிலத்தன்மை கூடி பிஎச் 6-ஐ நெருங்கும்போது இன்சுலின் கழன்றுகொள்கிறது, சிதைக்கப்படுகிறது. ஏற்பி பெரும்பாலும் மேற்பரப்புக்குத் திரும்பிவிடுகிறது. உள்ளே போன கையோடு அது மௌனமாகிவிடுவதும் இல்லை. எண்டோசோமிலும் சிறிது நேரம் கைனேஸ் வேலை நடக்கிறது, பிறகு பிடிபி1பி போன்ற பாஸ்பேட்டேஸ்கள் பாஸ்பேட்டை அகற்றுகின்றன.

இருபது நிமிட இன்சுலினில் குறைவது மேற்பரப்பு எண்ணிக்கை மட்டும். செல்லில் மொத்த ஏற்பி அளவு மாறியிருக்காது. இரவு முழுக்க, அதாவது 12 முதல் 24 மணி நேரம் இன்சுலினில் ஊறவைத்தால் கதை வேறு: திரும்பி வரும் ஏற்பிகளைவிட செல்லின் சிதைப்பறையான லைசோசோமுக்குப் போய் அழிபவை கூடிவிடும், மொத்தமும் குறையும். இரண்டையும் ஒரே பெயரில் ‘ஏற்பி குறைவு’ என்று எழுதிவைத்தால் பின்னால் குழப்பம்தான். புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் மொத்த பீட்டா துணை அலகையும் சேர்த்து ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

இன்சுலின் ஏற்பி குறைந்தும் குளூட்4 எப்படிப் பத்து மடங்கு ஏறுகிறது? கொழுப்புச் செல்லில் தேவைக்கு மேல் ஏற்பிகள் இருக்கின்றன. எலிக் கொழுப்புச் செல்லில் மொத்த ஏற்பிகளில் சில சதவீதம் மட்டும் இன்சுலின் பிடித்தாலே குளுக்கோஸ் பயன்பாடு உச்சத்தை எட்டிவிடும் என்று கோனோவும் பர்ஹமும் 1971-இலேயே காட்டினார்கள். அதனால் பாதி ஏற்பிகள் உள்ளே போனாலும் உச்ச விளைவு குறையாது. அதே விளைவுக்குக் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் தேவைப்படும், அவ்வளவே. அளவு-விளைவு வளைகோடு வலப்பக்கம் நகர்ந்து உச்சி அப்படியே இருந்தால் ஏற்பி மட்டத்தில் பிரச்சினை. உச்சியே தாழ்ந்திருந்தால் கோளாறு ஏற்பிக்குக் கீழே எங்கோ இருக்கிறது. 100 நானோமோலார் ஒரே அளவில் மட்டும் சோதித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

இன்சுலின் சில ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து இறக்கவும் செய்கிறது. மனிதக் கொழுப்புச் செல்களில் அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா-அட்ரினர்ஜிக் ஏற்பிகள் இன்சுலின் பட்டதும் உள்பக்கம் நகர்வதை 1988-இல் ஸ்வீடன் நாட்டுக் குழு ஒன்று காட்டியது. கொழுப்பு உடைவதை இன்சுலின் தடுப்பதற்கு இதுவும் ஒரு துணை. முக்கியக் காரணம் என்னவோ கொழுப்பு உடைப்பைத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி, பிடிஇ3பி நொதி வழியாகக் குறைவதுதான்.

இனி அளவிடும் முறைக்கு வருவோம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன.

முதலில் செல். 3டி3-எல்1 ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லாகத்தான் தொடங்கும். அதைக் கொழுப்புச் செல்லாக மாற்ற, தட்டின் முழுப் பரப்பும் நிரம்பி இரண்டு நாள் கழித்து 0.5 மில்லிமோலார் ஐபிஎம்எக்ஸ், டெக்சாமெத்தசோன், இன்சுலின் மூன்றும் கொடுத்து, இரண்டு அல்லது மூன்று நாளில் இன்சுலின் மட்டும், பிறகு வெறும் சீரம் கலந்த ஊடகம் என்று மாற்றி, 8 முதல் 12-ஆம் நாளுக்குள் பயன்படுத்துவது வழக்கம். கொழுப்புத்துளி நிரம்பிய செல்கள் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மாறாமல் நின்ற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் குளூட்4 கிடையாது, டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியோ தாராளமாக இருக்கும். வளர்ப்புத் தட்டின் குழியில், அதாவது கிணற்றில் கால்வாசி செல் அப்படி இருந்தால், டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் மடங்கு எண் இன்னும் தாழ்ந்து தெரியும். மொத்தக் கிணற்றை எண்ணும் முறையைவிட, நுண்ணோக்கியில் செல் வாரியாக அளப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

டிரிப்சின் போட்டுப் பெயர்த்துக் கண்ணாடித் தகட்டில் மறுபடி விதைத்த செல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் குளூட்4 மொத்தமும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பதாகத் தெரியும். பெயர்க்காமல் அடர்த்தியாக வளர்ந்த செல்களில் ஒரு பங்கு சுற்றுக்கே வராமல் நிற்பதாகத் தெரியும். இரண்டு ஆய்வுக்கூடங்கள் நேர்மையாக அளந்தும் வேறு முடிவு சொன்னதற்கு இந்த வளர்ப்பு முறை ஒரு பெரிய காரணம். மேலே போட்ட கணக்கு, எல்லாம் சுற்றில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பங்கு நிற்குமானால், இன்சுலின் செய்வது இரண்டு வேலை: நிற்பதைச் சுற்றுக்குள் விடுவது, சுற்றின் வேகத்தைக் கூட்டுவது.

சீரத்தை நீக்கி 2 முதல் 4 மணி நேரம் பட்டினி போடுவதைச் சுருக்கக்கூடாது. சீரத்தில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் தொடக்க நிலையை உயர்த்திவிடும். தொடக்கம் 4 சதவீதத்திலிருந்து 8 ஆனாலே பத்து மடங்கு ஐந்தாகிவிடுகிறது. மடங்கு குறைந்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்சுலின் போட்ட கிணற்றை அல்ல, போடாத கிணற்றை.

இன்சுலின் கரைசல் விஷயம் சின்னது போலத் தெரியும். தூளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துக் கெட்டியான இருப்பாக வைக்க வேண்டும். நடுநிலைக் கரைசலில் நேரடியாகக் கரையாது. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது சுமார் 170 மைக்ரோமோலார். நானோமோலார் அளவுக்கு நீர்க்கும்போது 0.1 முதல் 0.2 சதவீதம் அல்புமின் இல்லாவிட்டால் இன்சுலின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 1 நானோமோலார் என்று எழுதிய குழாயில் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும் 100 நானோமோலார் இன்சுலின், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1-இன் (ஐஜிஎஃப்-1) ஏற்பியையும் தூண்டும். சாப்பிட்ட பின்பு மனித இரத்தத்தில் இருப்பது சில நூறு பிகோமோலார்தான். ஆகவே 0.1, 0.5, 1, 5, 10, 100 நானோமோலார் என்று ஒரு வரிசை போடுவது நல்லது.

நிறுத்துவது குளிரால். 20 நிமிடம் முடிந்ததும் தட்டைப் பனிக்கட்டியில் வைத்து, 4 டிகிரி குளிர்ந்த கரைசலால் கழுவ வேண்டும். அறை வெப்பத்தில் கழுவினால், கழுவும் நேரத்திலேயே ஏற்பிகள் நகர்ந்துகொண்டிருக்கும். டிரான்ஸ்ஃபெரின் உள்ளிழுப்பின் அரைநேரமே சில நிமிடங்கள்தான் என்பதால் இரண்டு நிமிடத் தாமதம்கூட எண்ணை மாற்றும். முதிர்ந்த கொழுப்புச் செல்கள் தட்டை லேசாகவே பிடித்திருக்கும். வேகமாக ஊற்றினால் பாயாகப் பெயர்ந்து வரும். ஓரமாகச் சாய்த்து ஊற்றி, கிணறுதோறும் டிஎன்ஏ அல்லது புரத அளவால் திருத்திக்கொள்ளலாம்.

இன்சுலின் ஏற்பியை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது, இந்தக் கேள்விக்கு மிக முக்கியமானது. கதிரியக்க இன்சுலின் ஒட்டுவதை வைத்து அளந்தால், முன்னால் கொடுத்த கதிரியக்கமில்லாத இன்சுலின் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு இடம் தராது. ஏற்பி மேற்பரப்பிலேயே இருக்கும், ஆனால் இல்லாததுபோலத் தெரியும். 4 டிகிரியில் அமிலக் கரைசலால் சிறிது நேரம் கழுவி ஒட்டியதைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழுவலில் எல்லாம் கழன்றதா என்று தனியாகச் சரிபார்க்கவும் வேண்டும். இதைவிடச் சுலபம், சவ்வைத் துளைக்காத சல்ஃபோ வகை பயோட்டினை மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் 4 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, டிரிஸ் அல்லது கிளைசின் கொண்டு மிச்சத்தை முடக்கி, செல்லை உடைத்து, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் இழுத்து, பீட்டா துணை அலகுக்கு வெஸ்டர்ன் செய்வது. இழுத்த மாதிரியில் செல்லின் உள்ளே மட்டும் இருக்கும் ஆக்டினோ ஏகேடி-யோ தெரிந்தால் செல்கள் ஓட்டையாகியிருக்கின்றன. அந்தத் தட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

படம் எடுப்பவர்களுக்கு: முதிர்ந்த கொழுப்புச் செல்லின் வயிறு முழுக்கக் கொழுப்புத்துளி, சைட்டோபிளாசம் சவ்வை ஒட்டி மெல்லிய வளையமாக ஒதுங்கியிருக்கும். கான்ஃபோகல் நுண்ணோக்கியின் பிரிதிறனுக்குள் சவ்வும் அதற்கு அடியில் நிற்கும் வெசிக்கிளும் ஒன்றாகவே விழும். ஓரத்தில் பச்சை வளையம் தெரிந்ததும் அது சவ்வுக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. குளூட்4-இன் முதல் வெளி வளைவில் எச்ஏ என்ற சிறு புரதக் குறியைச் செருகி, செல்லைத் துளைக்காமல் எச்ஏ ஆன்டிபாடி கொண்டு மேற்பரப்பையும், ஒளிரும் புரதத்தால் மொத்தத்தையும் அளந்து விகிதம் எடுப்பதே நம்பகமான வழி. அளவுக்கு மீறி அந்தப் புரதத்தை உண்டாக்கினால் இருத்திவைக்கும் ஏற்பாடு நிரம்பி வழிந்து, இன்சுலின் இல்லாமலே மேற்பரப்பில் கசியும். மங்கலாக ஒளிரும் செல்களைத் தேர்ந்தெடுங்கள்.

தடுப்பான்களில், பிஐ3 கைனேஸைத் தடுக்கும் வோர்ட்மானின் 100 நானோமோலார் எல்லோரும் கையாள்வது. குளூட்4-க்குச் சரி. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிக்கு அது மோசமான கருவி: எண்டோசோமுக்கே தேவையான வேறொரு பிஐ3 கைனேஸையும் அது தடுத்து எண்டோசோம்களை உப்பவைக்கும், இன்சுலின் இல்லாமலே மறுசுழற்சி கெடும். நீரில் வேகமாகச் சிதைவதால் முன்கூட்டியே நீர்த்து வைக்கவும் கூடாது. ஏகேடி-யை மட்டும் தடுக்கும் எம்கே-2206 போன்றதை 1 மைக்ரோமோலாரில் 30 நிமிடம் முன்னதாகக் கொடுத்தால் விடை தெளிவாக வரும்.

இன்சுலின் எதிர்ப்பில் இந்தப் பாதை எங்கே உடைகிறது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். செல்லில் நீண்ட நேர இன்சுலின், டெக்சாமெத்தசோன், அழற்சிப் புரதமான டிஎன்எஃப்-ஆல்பா ஆகியவற்றால் எதிர்ப்பை உண்டாக்கினால், ஏகேடி-யின் பாஸ்பேட் ஓரளவு நன்றாக இருக்கும்போதே குளூட்4 நகர்வு குறைந்துவிடுவதைக் காணலாம். ஏகேடி பட்டை அடர்த்தியாகத் தெரிகிறது, ஆகவே சமிக்ஞை சரி என்று எழுதுவது அவசரம். 2-ஆம் வகை நீரிழிவில் மனிதக் கொழுப்புத் திசுவில் குளூட்4-இன் மொத்த அளவே குறைகிறது. தசையில் மொத்தம் ஏறக்குறைய இருந்தும் நகர்வுதான் கெடுகிறது. கொழுப்பில் மட்டும் குளூட்4-ஐ நீக்கிய எலிகளுக்குத் தசையிலும் கல்லீரலிலும் இன்சுலின் எதிர்ப்பு வந்ததை 2001-இல் காட்டினார்கள். ஆகவே கொழுப்புச் செல்லின் நகர்வு அந்தச் செல்லோடு முடிகிற விஷயம் இல்லை. ஏஎஸ்160-க்கு மனிதச் சான்று கிரீன்லாந்தில் கிடைத்தது. அங்குள்ள இனுயிட் மக்களில் டிபிசி1டி4 மரபணுவில் புரதம் பாதியில் நின்றுபோகும் ஒரு மாற்றம் பரவலாக இருப்பதும், இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்பதும் 2014-இல் வெளியானது. அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை உயர்வதில்லை, குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரச் சர்க்கரை உயர்கிறது. ஆனால் பழுதானது தசையில் இருக்கும் நீண்ட வடிவம். கொழுப்புச் செல்லுக்கான சான்றாக அதை எடுத்துக்காட்டுவது பொருந்தாது.

உங்கள் சோதனைக்கு அடுத்த படி, டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் வெளியேறும் வேகத்தை நேரடியாக அளப்பது. பட்டினிக்குப் பின் இரும்பேறிய, குறியிட்ட டிரான்ஸ்ஃபெரினை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கொடுத்து உள்ளே நிரப்புங்கள். பாதிக் கிணறுகளுக்குக் கடைசி 20 நிமிடம் இன்சுலினும் சேருங்கள். குளிரவைத்து, மிதமான அமிலக் கழுவலாலும் அடுத்து நடுநிலைக் கழுவலாலும் மேற்பரப்பில் ஒட்டியதை அகற்றுங்கள். பிறகு குறியிடாத டிரான்ஸ்ஃபெரின் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமும், இரும்பைப் பிடிக்கும் டெஸ்ஃபெரியாக்சமைன் 100 மைக்ரோமோலாரும் கலந்த 37 டிகிரி ஊடகத்தை ஊற்றி 0, 2, 4, 7, 12, 20 நிமிடங்களில் செல்லிலும் ஊடகத்திலும் எவ்வளவு என்று எடுங்கள். இன்சுலின் கிணறுகளில் இந்தக் கட்டத்திலும் இன்சுலின் இருக்க வேண்டும். செல்லில் மீந்ததன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் முதல் சில புள்ளிகளின் சரிவுதான் வெளியேறும் வேக மாறிலி. டெஸ்ஃபெரியாக்சமைன் விட்டுப்போனால் வெளியே வந்த டிரான்ஸ்ஃபெரின் மறுபடி இரும்பேறி ஏற்பியில் ஒட்டி உள்ளே போகும். சரிவு படுத்துவிடும், இன்சுலினுக்கும் கட்டுப்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சரியாக வந்தால் இன்சுலின் கோடு இரண்டு மூன்று மடங்கு செங்குத்தாக இறங்கும், உள்ளிழுக்கும் வேகத்தைத் தனியாக அளந்தால் அது பெரிதாக மாறியிருக்காது. அந்த இரண்டு எண்களை மேலே சொன்ன வகுத்தலில் போட்டுப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் இரண்டு மடங்குக்குள்ளான உயர்வு அதிலிருந்து வெளிவர வேண்டும். வராவிட்டால் தொடக்கக் கிணறுகளின் பட்டினியையும், மாறாமல் நின்ற ஃபைப்ரோபிளாஸ்ட்களின் விகிதத்தையும் முதலில் பாருங்கள்.